சரம் கொளுத்திய கேப்டன்

பெண் பார்க்கப் போகிறவன் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம். வழுக்கையை மறைத்துச் சீவலாம். டிவி சீரியல் எழுதுகிறவன் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அந்த வீட்டில் யாராவது ஒருத்தர் அதைப் பார்த்துத் தொலைத்திருப்பார்.

நான் எழுதியது விஞ்ஞானத் தொடர். ஒரு சின்ன சேனலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தது. விருதுநகரில் மூடிக்கிடந்த எண்ணெய் மில்லுக்குள் தெர்மாகோல் ஒட்டி விண்கலம் கட்டியிருந்தோம். (ஜன்னலுக்கு வெளியே தெரிந்த அண்டவெளி, புரொடியூசர் வீட்டுக் கறுப்புப் போர்வை.) நாயகன் கேப்டன் இளமாறன். பழைய விண்கலம் வெடித்ததில் கூட்டாளிகளைப் பறிகொடுத்தவன். வெடிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவான். துணைக்கு ஒரு ரோபோ. அதற்கு நாக்கே கிடையாது.

ஸ்பான்சர் வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நல்லெண்ணெய்க் கம்பெனி வந்த வாரம், நாக்கில்லாத ரோபோ இட்லிப் பொடியில் எண்ணெய் ஊற்றிக் குழைத்துத் தின்றுவிட்டு, “ஆகா, என்ன ருசி!” என்றது. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. எனக்குத் துளிர் விட்டுப்போனது. தீபாவளி சீசனுக்குப் பட்டாசுக் கம்பெனி வந்தது. “கேப்டன் கையாலதான் சரத்தைக் கொளுத்தணும்” என்றார் முதலாளி. கொளுத்த வைத்தேன். இளமாறன் விண்கலத்துக்குள்ளேயே ஆயிரம் வாலாவைப் பற்றவைத்துக் கைதட்டிக் குதித்தான். (பூட்டிய அறைக்குள் சரம் வெடித்தால் என்ன ஆகும் என்று சிவகாசிப் பக்கத்துப் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் விருதுநகர்க்காரன்.)

அடுத்த வாரமே, சிவகாசிப் பக்கம் பட்டாசுக்குப் பேர்போன தாயில்பட்டியில் பெண் பார்க்கும் படலம். பெண் மாரீஸ்வரி, சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைனர். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குத் தூக்கம் சரியில்லை. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் ஏற்கெனவே அழுது தீர்த்திருந்தேன்.

காராச்சேவு வந்தது, காபி வந்தது. அம்மா சும்மா இருந்திருக்கலாம். “எம் மகன் டிவில கதை எழுதுறான். அந்த ராக்கெட்டுக் கதை இருக்குல்லா, அது இவன் எழுதுறதுதான்” என்றாள் பெருமையாக. பெண்ணின் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

“ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க” என்று எங்களைக் கொல்லைப் பக்கம் அனுப்பினார்கள். பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு என்று நான் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். மாரீஸ்வரி எடுத்த எடுப்பில் கேட்டாள்: “கேப்டனுக்கு வெடிச் சத்தம்னாலே ஆகாதே. போன வாரம் எப்படிச் சிரிச்சுக்கிட்டே சரம் கொளுத்துனாரு?”

“அது வந்து... அந்தக் கிரகத்துல காந்தப்புலம் ஜாஸ்தி. மூளையில ஒரு மாற்றம்...”

“எண்ணெய் தின்ன ரோபோவுக்கும் காந்தப்புலந்தானா?”

“பாத்திரம்னா வளரணும்லங்க.”

“வளர்றது வேற, ஆளே மாறுறது வேற. எழுதுறவுகளுக்குத் தெரியாதா?” என்றவள் குரலைத் தாழ்த்தினாள். “எங்கப்பா பட்டாசுக் கம்பெனியில இருந்தப்ப ஒரு விபத்து. அவரு தப்பிச்சுட்டாரு. கூட வேலை பாத்தவுக போயிட்டாக. அன்னைலருந்து சத்தம் கேட்டா நடுங்குவாரு. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு அதை வெளிய சொல்ல முடியுமா? உங்க கேப்டன் காதைப் பொத்துறப்பல்லாம், ‘பாரு தாயி, அம்புட்டுப் பெரிய ஆளே பயப்படுறான்’னு எங்கிட்டச் சொல்லுவாரு. போன வாரம் டிவியை அமத்திட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.”

எனக்கு அசிங்கமாக இருந்தது. வாரா வாரம் நான் பிழைப்புக்கு எழுதியதை ஒரு மனிதர் பிடிமானமாக வைத்திருந்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருவில் படபடவென்று சரம் வெடித்தது. என் சித்தப்பா! ஸ்பான்சர் கொடுத்த பட்டாசுப் பெட்டியை வேனில் தூக்கி வந்திருந்தார். (தாயில்பட்டிக்குப் பட்டாசு கொண்டுவந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.) நாங்கள் வெகுநேரம் பேசியதைப் பார்த்து, சம்மதம் என்று அவராகவே முடிவு செய்து கொளுத்திவிட்டார்.

நான் கொல்லையில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதித் தண்ணீர் சரத்தின் மேல், மீதி சித்தப்பாவின் பட்டுவேட்டி மேலும் என் சட்டை மேலும். “ஏலே, கிறுக்குப் பயலே!” என்று அவர் கத்தியது ஊருக்கே கேட்டது. உள்ளே ஓடினால், பெண்ணின் அப்பா பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் காதைப் பொத்திக் குறுகி உட்கார்ந்திருந்தார். வந்த சனம் முழுக்க வேடிக்கை பார்த்தது. அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சொட்டச் சொட்ட நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“மாமா,” என்றேன். யாரும் இன்னும் சம்மதம் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. “கேப்டன் மாறல மாமா. நாந்தான் காசுக்கு மாத்தி எழுதிட்டேன். அடுத்த வாரமே சரிபண்ணிருதேன்.”

அவர் காதிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தார். “கடேசி வரைக்கும் அந்தாளு அப்படியேதான இருப்பாரு?”

மாரீஸ்வரி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேப்டனைப் பற்றியதா, என்னைப் பற்றியதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. “இருப்பாரு மாமா” என்றேன்.

எழுதினேன். ‘சிரித்ததெல்லாம் வெளிக்குத்தான், உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்’ என்று கேப்டன் ரோபோவிடம் சொல்லி அழுதான். ஸ்பான்சர் போனார், பின்னாலேயே சீரியலும் போனது. வேலையில்லாத மாப்பிள்ளைக்குத்தான் மாமனார் பெண்ணைக் கொடுத்தார். வெடிச் சத்தமே இல்லாமல் தாயில்பட்டியில் நடந்த ஒரே கல்யாணம் எங்களுடையது.

இப்போது வேறு தொடர் எழுதுகிறேன். மிக்ஸி வாங்கப் போனாலும் சரி, சொந்தத்தில் யாருக்காவது மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் சரி, மாமனார் கேட்பது ஒரே கேள்விதான்: “கடேசி வரைக்கும் இப்படியேதான இருக்கும்?” கடைக்காரர் திருதிருவென்று விழிப்பார். மொத்தக் குடும்பமும் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பும். “இருக்கும் மாமா” என்று நான்தான் உத்தரவாதம் கொடுக்க வேண்டும்.