பந்தி விசாரணையை உட்கார வைக்கப் பட்ட பாடு

உட்கார்ந்து சாப்பிடத் தெரியாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் பினாங்குத் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் மூட்டைக் கணக்குப் பார்க்கும் கிராணி. பெற்றவர்கள் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர் 'பந்தி விசாரணை'. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவரோடு ஒரு விருந்துக்குப் போய்வந்தால் எனக்கு மருந்துக்கு மட்டுமே மூன்று நாள் ஆகும். இதை எழுத உட்காரும்போதே உடம்பு அசந்துபோகிறது.

இலை இலையாகப் போய், கறி வந்ததா, பாயசம் போதுமா என்று விசாரிப்பது விருந்து போடுகிற வீட்டுக்காரரின் வேலை. நம்மவர் எந்த வீட்டில் நுழைந்தாலும் வீட்டுக்காரராகிவிடுவார். மார்க்கெட் தெருக் கல்யாணம் ஒன்றுக்கு அவரை அழைத்துப் போனேன். அங்கே அவருக்கு ஒரு பிள்ளையையும் தெரியாது. நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதற்குள், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவரை அதட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க மரம் மாதிரி நிக்கிறீங்க? மூணாவது வரிசைக்கு அப்பளம் போகல பாருங்க!"

"நான் பொண்ணோட அப்பாங்க."

"அதுக்கென்ன? பொண்ணோட அப்பா அப்பளம் தூக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

அவர் தூக்கினார். நானும் தூக்கினேன். மாப்பிள்ளையின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

கல்யாண வீடாவது பரவாயில்லை. காதர் பாயின் நாசி கண்டார் சோற்றுக் கடையிலும் இதே கதைதான். தன் பாட்டுக்குச் சாப்பிட்டு முடித்து எழுந்த ரிக்‌ஷாக்காரச் சீனரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்து, இன்னொரு கரண்டி சோறு போடுவார். காதர் பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணே, கரண்டிய வச்சிருங்கலா. என் கடைய நான் பாத்துக்குவேன்."

"நீ பாத்துக்கிற லட்சணம்தான் தெரியுதே! இவரு தட்டுல கொழம்பையே காணோம்."

இதுவரை சிரிப்பு. இனிமேல் சொல்வது சிரிப்பில்லை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது பழமொழி. இவர் பந்திக்கும் பிந்தினார். ஊரெல்லாம் கை கழுவிய பிறகு, பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆறிய சோற்றை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வார். ஒரு தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் அன்னதானப் பந்தலில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விசாரித்தவர், மோர் வாளியோடு சாய்ந்துவிட்டார். அதே கிடங்கில் வேலை பார்த்த சவரிமுத்துவும் நானும்தான் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"குடல்ல புண்ணு. நேரத்துக்குச் சுடச்சுடச் சாப்பிடணும். இப்படியே போனா ஆளு தேறாது" என்றார் பாதி டாக்டரான டிரெஸ்ஸர்.

பந்தி விசாரணை கண்ணைத் திறந்தார். "மணி ரெண்டாச்சே, நீங்க சாப்பிட்டீங்களா சார்?" என்று டிரெஸ்ஸரைக் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவருக்குப் பெரிய கிராணியாக உயர்வு வந்தது. அதைச் சாக்காக வைத்து அவருக்கு ஒரு விருந்து கொடுத்து, முதல் பந்தியில் உட்கார வைத்து, சூடாகச் சாப்பிட வைத்துவிடுவது என்று நானும் சவரிமுத்துவும் தீர்மானித்தோம். ஒரு வேளை ருசி கண்டுவிட்டால் மனிதர் திருந்திவிடுவார் என்பது எங்கள் நம்பிக்கை. எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். ஊரில் எந்தச் சமையற்கட்டும் அவருக்குத் தடையில்லை.

"அண்ணே, அவரு கைக்குக் கரண்டி எட்டாத எடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இத்தாலிக்காரன் கடை" என்றான் சவரிமுத்து.

இத்தாலிக்காரர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். சூப்பில் உப்பு அதிகம் என்று கப்பல் தலைவன் சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டு பினாங்கில் இறங்கி, துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் கடை போட்டுவிட்டார். அடுப்படிக்குள் எட்டிப் பார்த்த மாலுமி ஒருவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதாகப் பேச்சு. எங்களுக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஆள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எட்டுப் பேர் போனோம். பந்தி விசாரணையை மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார வைத்து, கைதிக்குக் காவல் நிற்கும் போலீஸ்காரர்களைப் போல நானும் சவரிமுத்துவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். வெள்ளைச் சட்டை போட்ட சீனர் ஒருவர் சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். ஆவி பறந்தது. எல்லோரும் கரண்டியை எடுத்தோம்.

"யாரும் கை வைக்காதீங்க! இன்னும் பரிமாறி முடியல" என்றார் பந்தி விசாரணை.

எடுத்த கரண்டிகளெல்லாம் கீழே இறங்கின. நம் ஆட்களின் கை அப்படிப் பழகிய கை. பந்தி தொடங்குமுன் வாயில் வைத்தவன் என்ற பேரை யார் வாங்குவது?

"எடுத்த ஒடனே ரசம் ஊத்துற பந்திய இப்பத்தான் பாக்குறேன். சரி, அது அவங்க வழக்கம். மத்ததும் வரட்டும்."

தட்டை எடுக்க வந்த சீனரை, "எலையத் தொடாதே!" என்று விரட்டினார். மக்ரோனி வந்தது. காத்திருந்தோம். மீன் வந்தது. காத்திருந்தோம். முழுக்கோழி வந்தபோது மேஜையில் இடமில்லாமல் சவரிமுத்து மீன் தட்டை மடியில் வைத்துக்கொண்டான். எல்லாம் ஆறிக் கல்லாகிவிட்டன. சீனர் உள்ளே போய் என்ன சொன்னாரோ, இத்தாலிக்காரரே அகப்பையோடு வெளியே வந்தார். தொடப்படாத தட்டுகளைப் பார்த்ததும் அவருடைய மீசை துடித்தது.

"தாக் பாகுஸ்?" நன்றாக இல்லையா என்று மலாயில் கேட்டார். குரல் உடைந்திருந்தது.

விருந்து போட்டவர் மனம் நோகப் பார்த்துக்கொண்டிருக்க நம்மவரால் முடியுமா? எழுந்துவிட்டார். ஆளுக்கொரு பக்கம் கோட்டைப் பிடித்து இழுத்தோம். கோட்டு எங்கள் கையில் நின்றது, அவர் இத்தாலிக்காரரின் தோளில் கைபோட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் இனிப்பு, மறு கையில் அகப்பை.

"கடைசிக்குன்னு இனிப்ப உள்ள வச்சிருக்காரு! இனிப்பில்லாம பந்தி எப்படி ஆரம்பிக்கும்?" என்று ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் கொஞ்சம் வைத்தார். "ம், இப்ப சாப்பிடுங்க."

"போச்சுண்ணே, நம்ம திட்டம்" என்று முனகினான் சவரிமுத்து.

சில்லென்றிருந்த சூப்பைக் குடித்தோம். பந்தி விசாரணை அகப்பையோடு சுற்ற, இத்தாலிக்காரர் பாலாடைக் கட்டியைச் சீவிக்கொண்டே பின்னால் வந்தார். சாப்பிட மறுக்கிறவர்களை வற்புறுத்த இவ்வளவு காலம் கழித்து ஒரு துணை கிடைத்த சந்தோஷம் அந்தச் சமையல்காரருக்கு. பக்கத்து மேஜை வெள்ளைக்காரரையும் இருவரும் விட்டுவைக்கவில்லை.

"தொரை, கோழி வச்சுக்குங்கலா! வெக்கப்படாதீங்க!"

ஒரு வழியாக எல்லோரும் ஏப்பம் விட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்கள். அவரைத் தேடிக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனேன். இத்தாலிக்காரரும் வேலையாட்களும் தங்களுக்கென்று புதிதாக வடித்த மக்ரோனியோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பந்தி விசாரணை அவர்களுக்கும் பரிமாறிக்கொண்டிருந்தார். உட்கார் உட்கார் என்று இத்தாலிக்காரர் நாற்காலியைத் தட்டித் தட்டிக் காட்டினார். இவர் "அப்புறம், அப்புறம்" என்று நழுவினார். முகம் வெளுத்து, ஒரு கை வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கினேன்.

"உக்காருங்கண்ணே."

"நீ வயிறாரச் சாப்பிட்டியா தம்பி?"

"ஒங்க புண்ணியத்துல ஆறின கோழியத் தின்னேன். உக்காருங்க."

"அப்ப இவங்களுக்கு யாரு வெப்பா?"

"நான் வெப்பேன். ஒங்களுக்கும் நான்தான் வெப்பேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்படி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. மெல்ல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். ஒரு வாய்க்குப் பிறகு, புது மாப்பிள்ளையைப் போலத் தட்டின் மேல் கையை மறைத்து, "போதும் தம்பி, போதும்" என்றார். கையை விலக்கிவிட்டு இன்னும் போட்டேன். ஆவியில் அவர் மூக்குக் கண்ணாடி மங்கியது. கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு தலை நிமிராமல் சாப்பிட்டார்.

அப்புறம் அவர் தானாகவே தட்டை என் பக்கம் நகர்த்தினார். இந்த மனிதர் இன்னும் நெடுங்காலம் இருந்து எங்கள் உயிரை வாங்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு, அகப்பை நிறைய அள்ளி வைத்தேன்.