இஞ்சின் ஓடிவிட்டது, சகலை

நெருப்பெரிச்சல்
17.10.1997

உடுமலைப்பேட்டை பெரிய சகலை சிவசுப்பிரமணியம் அவர்களுக்கு, சின்ன சகலை கந்தவேல் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கு நானும் குழந்தையம்மாளும் நான்கு நிட்டிங் மிசின்களும் முருகன் புண்ணியத்தில் சுகம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டில் மாரக்காள் அவர்களும், தென்னந்தோப்பும் சுகமாக இருக்க வேண்டும். தோப்பு ரொம்பச் சுகமாக இருக்கட்டும். ஏனென்றால் அதைப் பார்த்துக்கொள்ள நான் வரப்போவதில்லை.

வைகாசியில் காதுகுத்து விருந்தில், ரசம் ஊற்றுகிற நேரத்தில், தாங்கள் என்னைப் பார்த்து, "ஏனுங்க சகலை, மரத்துல மோதுன காரோட இஞ்சினை வாங்கியாந்து பெட்ரோல்ல பனியன் துணி ஓட்டப் போறீங்களாமா? தீபாவளிக்குள்ள அதை வெச்சு ரெண்டு மிசினை மூணு மணி நேரம் நிக்காம ஓட்டிக் காட்டுங்க பாப்போம். இல்லீன்னா மிசினையெல்லாம் வித்துப்போட்டு எங்க தோப்புக்கு மேனேஜரா வந்துருங்க" என்றீர்கள். பந்தியே சிரித்தது. "சரிங்க" என்றேன். மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டேன். தங்களுக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது.

நேற்று ஓடியது. தினப்படி கரண்ட் கட்டாகிற மூன்று மணி நேரமும், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, ரெண்டு மிசினும் நிற்காமல் ஓடின.

அது எப்படி ஓடியது என்று கேட்கும் யோக்கியதை தங்களுக்கு இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். அது சாதாரண கார் இஞ்சின் இல்லை. கார்புரேட்டரே கிடையாது. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதை டிபன் டப்பா அளவு கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று முடிவு செய்யும். உக்கடம் பழைய இரும்புக் கடைக்காரன் ஒயரையெல்லாம் ரம்பத்தால் அறுத்துக் கொடுத்துவிட்டான். மொத்தம் ஐம்பத்தெட்டு ஒயர். நான் அசந்துவிடவில்லை. இருபது வருஷமாக நூல் ஷேடு பார்க்கிற வீட்டில் ஒயர் கலர் பார்க்க முடியாதா? குழந்தையம்மாள் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, பச்சையில் வெள்ளைக் கோடு, நீலத்தில் மஞ்சள் கோடு என்று ஜோடி சேர்க்கச் சேர்க்க, நான் ஒயரிங் படத்தின் ஜெராக்ஸைப் பார்த்து முறுக்கி டேப் சுற்றினேன். அடையாளத்துக்கு பனியன் சைஸ் லேபிளைத்தான் தைத்தோம். பெட்ரோலுக்குப் போவதெல்லாம் எம், இஞ்சின் சூடு பார்ப்பதெல்லாம் எக்ஸெல். ஸ்டார்ட் செய்தால் ரெண்டு விநாடி ஓடி நின்றுவிட்டது. பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, வண்டி எதிலாவது மோதினால் பெட்ரோலை நிறுத்துகிற பொத்தான் ஒன்று உண்டாம். மரத்தில் மோதிய ஞாபகம் அதற்கு இன்னும் போகவில்லை. மறுபடி உக்கடம் போய், உடைந்த காருக்குள் தலைகீழாகப் படுத்து, அந்தப் பொத்தானைக் கழற்றிவந்து அமுக்கினேன். ஓடியது.

ஓடினாலும், கரண்ட் எடுக்க டைனமோவைப் பூட்டியதும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. மிசினைப் போட்டால் மூச்சு வாங்குகிறது, நிறுத்தினால் பேய் மாதிரி கத்துகிறது. வேகம் ஏறி இறங்கினால் மிசினில் ஊசி உடைந்து துணி ஓட்டை விழும். வோல்ட் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டரை அழுத்த ஓர் ஆள் வேண்டும் என்று, முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன பொன்னுச்சாமி அண்ணனைக் கூட்டிவந்தேன். "முக்காலியில உக்காந்து நான் வண்டி ஓட்டுனதில்லீங்க" என்றார். மறுபடி உக்கடம் போய் அந்தக் காரின் சீட்டைக் கொண்டுவந்தேன். பின்னால் என்ன வருகிறதென்று தெரியாமல் ஓட்ட முடியாது என்றார், கண்ணாடி கொண்டுவந்தேன். அதில் நூல் மூட்டைகள் தெரிகின்றன, திருப்திப்பட்டுக்கொண்டார். ஹாரனும் கேட்டார். இப்போது அது எங்களுக்கு டீ நேர மணி. காரில் நான் வாங்காதது கதவு மட்டும்தான். சிரியுங்கள், சகலை, நன்றாகச் சிரியுங்கள்.

ஆனால் நேற்று வந்து பார்த்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும் குழந்தையம்மாள் பக்கத்து ரூமில் லைனுக்கும் டைனமோவுக்கும் மாற்றுகிற கைப்பிடியைக் கீழே தள்ளினாள். பொன்னுச்சாமி அண்ணன் சாமி கும்பிட்டு அழுத்தினார். முதல் இருபது நிமிஷம் கொஞ்சம் தடுமாற்றம், கொஞ்சம் கரும்புகை, அதெல்லாம் புது இடம் பழகுகிற வரைக்கும்தான். நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். வோல்ட் மீட்டர் முள் வரைந்து வைத்ததுபோல் நின்றது! அண்ணன் பீடிக்கு எழுந்து போனார், அப்போதும் முள் அசையவில்லை. பன்னிரண்டுக்கு இஞ்சினை அணைத்த பிறகும் மிசின் நாலைந்து சுற்றுச் சுற்றித்தான் நின்றது. ஃபிளைவீல் என்றால் அதுதான் ஃபிளைவீல். எந்த டீசல் ஜெனரேட்டர் அப்படி ஓடும்?

ஆகவே தீபாவளியன்று தாங்கள் இங்கே வந்து, சொந்தபந்தம் எல்லோர் முன்னிலும், "கந்தவேல் ஓட்டிக் காட்டிட்டார்" என்று வாயால் சொல்ல வேண்டும். மோர் நான் ஊற்றுகிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு ஆசியும், தென்னை மரம் ஒவ்வொன்றுக்கும் என் விசாரிப்பும்.

இப்படிக்கு,
எவன் தோப்புக்கும் போகாத
கந்தவேல்

பி.கு.: மாரக்கா, குழந்தையம்மா எழுதறேன். தபால்ல போடறதுக்கு லெட்டரை எங்கிட்டத்தான் குடுத்தாரு. மாமா படிக்கறதுக்கு முந்தி இந்த அடிச்சீட்டை நீ கிழிச்சு வெச்சுக்க. நேத்து இஞ்சின் இருபது நிமிசந்தான் இழுத்துச்சு. அப்பறம் கரும்புகை கக்கிட்டுப் படுக்கப் பாத்துச்சு, ஊசி உடையற சத்தம் கேட்டுச்சு. அந்நேரம் பாத்து லைன்ல கரண்ட் வந்துருச்சு. கைப்பிடியை மேல லைனுக்குத் தள்ளிட்டேன், பாரம் போனதும் இஞ்சின் சும்மா ஓடிட்டிருந்துச்சு. ஊட்டுல ஃபேன் சுத்துனா தெரிஞ்சு போகும்னு ஃபியூசைப் புடுங்கி மடியில வெச்சுக்கிட்டேன். பொன்னுச்சாமி அண்ணன் பாவம், மிச்ச நேரம் பூராவும் சும்மாவே மிதிச்சாரு. பன்னண்டுக்கு இஞ்சின் நின்னப்ப நான் கைப்பிடியை இறக்கறதுக்குக் கொஞ்சம் தாமசமாயிருச்சு, அதைத்தான் ஃபிளைவீலுன்னு எழுதியிருக்காரு.

தப்பு என்னுதுதான். ரெண்டு காப்பிக்கலர் ஒயரு, டியூப்லைட்டுல ஒரே ஷேடு. ஷேடு பாத்தா வெயில்ல பாக்கோணும்னு தெரிஞ்சும் ஏமாந்துட்டேன். இன்னைக்கு அவர் நூல் எடுக்கப் போனப்ப வெளிய இழுத்துப் பாத்தா ஒண்ணு செவப்படிக்குது. எக்ஸெல் லேபிளை மாத்தித் தெச்சிருக்கேன். இஞ்சின் சூடாயிருச்சுங்கற சேதியே பெட்டிக்குப் போகாம, அது குளுந்த இஞ்சின்னு நெனச்சுப் பெட்ரோலை ஊத்திட்டே இருந்திருக்கு. மாத்திட்டு, இன்னைக்குக் கரண்ட் போன மூணு மணி நேரமும் நானே சீட்டுல உக்காந்து மிதிச்சேன். ஊசி ஒண்ணும் உடையலை.

மாமாவைத் தீபாவளிக்குக் கூட்டிட்டு வா. அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லச் சொல்லு. உங்க தோப்புல நெழலு நல்லாத்தான் இருக்குது, ஆனா அங்க இவரு எல்லாத்துக்கும் "சரிங்க"ன்னு நிக்கறதை என்னால பாக்க முடியாது.