கூரை மேல கண்ணாடி தொடைச்ச அன்னைக்கு

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க ஊர் பொது மண்டபத்துக் கூரை மேல ஏறி ஒரு கண்ணாடியத் தொடைக்கணும்.

எங்க கம்பம், அதாவது கிராமம், மலேசியாவுல மெர்சிங் பக்கம், கடலை ஒட்டி இருக்கு. கிணத்துத் தண்ணி உப்பு. மண்டபத்துக் குழாய்ல வர்றதும் அதே தண்ணிதான். அதனால என் மனைவி வாணி, மண்டபத்துச் சமையக்கட்டுக் கூரையில ஒரு பெட்டி செஞ்சு வச்சிருக்கா. கறுப்புத் தட்டுல கிணத்துத் தண்ணி, மேல சாய்வா கண்ணாடி. வெயில்ல ஆவி கிளம்பி, கண்ணாடியோட உள்பக்கம் ஒட்டி, வழிஞ்சு, நல்ல தண்ணியா பாட்டில்ல சொட்டும்.

அவ சயின்ஸ் டீச்சர். நான் லாரி டிரைவர்.

பதினோரு மணிக்கு அதைப் பார்க்க ஒரு மலாய்க்கார ஆபீசர் அம்மா வர்றாங்க. பிடிச்சுப்போச்சுன்னா இன்னும் நாலு போட்டுத் தருவாங்களாம்.

"ஏங்க, கண்ணாடி பூரா காக்கா எச்சம். தொடைச்சிடுங்க. உப்புத் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, வெள்ளையா கோடு விழும்"னா வாணி.

"இதெல்லாம் ஒரு வேலையா?"ன்னு ஏறிட்டேன்.

எச்சம் காஞ்சு சிமெண்ட் மாதிரி இருக்கு. வெறும் துணிக்கு வரல. நல்ல தண்ணிக்கு எங்க போறது? திரும்பிப் பார்த்தா, பக்கத்துலயே பெரிய பாட்டில் நிறையா தெளிவா தண்ணி. வாணி எனக்காக வச்சிருக்கா போலன்னு ஒரு சொட்டு விடாம ஊத்திக் கழுவினேன். கண்ணாடி பளபளன்னு ஆயிடுச்சு.

அப்பதான் பாட்டில் வாயில, பெட்டியிலருந்து வர்ற ஒரு டியூப் தொங்கிட்டிருந்தது ஞாபகம் வந்துச்சு.

ரெண்டு நாள் சொட்டின தண்ணி. கீழ கார் வந்து நிக்கிற சத்தம்.

சும்மா பார்த்துட்டுப் போயிடுவாங்க, குடிக்கவா போறாங்கன்னு நெனச்சு, இறங்கினதும் பின்பக்கக் குழாய்ல பாட்டிலை ரொப்பிட்டேன்.

ஆபீசர் அம்மா குடிச்சாங்க.

ஒரு வாய்தான். கிளாஸை மெதுவா கீழ வச்சாங்க. "டீச்சர், மாசின் லா." உப்பு கரிக்குதுன்னு அர்த்தம்.

வாணியும் குடிச்சுப் பார்த்தா. முகம் செத்துப்போச்சு. "எங்கயோ ஒழுகுது. தட்டுத் தண்ணி கலக்குது"ன்னு முனகிக்கிட்டே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கிட்டு ஏணியில கால் வச்சுட்டா. ஆறு மாசம் பாடுபட்டுச் செஞ்சது, கழட்டினா அவ்வளவுதான்.

"வாணி, ஒழுகல. நான்தான் அந்தத் தண்ணியில கண்ணாடி கழுவிட்டேன். இது குழாய்த் தண்ணி."

அவ என்னைப் பார்த்த பார்வையில எனக்கே ஆவி கிளம்புச்சு.

 ஆபீசர் அம்மா தோள் குலுங்கச் சிரிச்சாங்க. "கண்ணாடி சுத்தமா இருக்கு, வெயிலும் நல்லா இருக்கு. நான் காத்திருக்கேன்"னு நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டாங்க.

பாட்டிலைக் காலி பண்ணி மறுபடி டியூப்ல மாட்டிட்டு, ஒரு மணி நேரம் மூணு பேரும் உக்காந்திருந்தோம். வாணி அவங்ககிட்ட மட்டும் பேசினா.

ஒரு கிளாஸ் சேர்ந்துச்சு. குடிச்சாங்க. "ருசியே இல்ல. இதான் நல்ல தண்ணி"ன்னு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டாங்க.

இப்ப அந்தப் பாட்டில்ல 'இது கழுவுற தண்ணி இல்ல'ன்னு தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணுலயும் எழுதி ஒட்டியிருக்கா.

அவளை விட்டா அந்தக் கூரைக்கு ஏறுற ஆளு நான் ஒருத்தன்தான்.