கிலோ அண்ணையின் ஒற்றைச் சிலிண்டர்

லுசேர்ணில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்குள்ளே, மோட்டார்சைக்கிளை வாங்கமுன் கடைக்குள்ளேயே அதைச் சரித்து விழுத்திப் பார்த்த மனிதர் கிலோ அண்ணை ஒருவர்தான். லுசேர்ண் என்ன, சுவிஸ் முழுக்கத் தேடினாலும் இன்னொருவர் அகப்படமாட்டார். இப்போது அவரும் இல்லை.

அவருடைய சொந்தப் பெயரை நான் செத்தவீட்டு நோட்டீசில்தான் பார்த்தேன். ஹோட்டல் குசினியில் அவரோடு பதினொரு வருடம் ஒரே தொட்டியில் சட்டி கழுவிய எனக்கே அந்தக் கதி. எதைக் கண்டாலும் "இது எத்தினை கிலோ?" என்று கேட்பார். அதனால் கிலோ அண்ணை. கோயிலுக்குப் புது உற்சவமூர்த்தி வந்தபோதும் கேட்டார்.

"சுவாமியை நிறுக்கிறதில்லை," என்றார் ஐயர்.

"தோளிலை காவுறவனுக்குத் தெரிய வேணுமே ஐயா!"

அது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஒரு முறை சூப் அண்டாவைத் தூக்கி அவருடைய இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. மூன்று நாள் தன் அறையில் தனியே கிடந்தார். தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. அதற்குப் பிறகு, தனியத் தூக்க ஏலாத எந்தச் சாமானையும் வீட்டுக்குள்ளே விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் மோட்டார்சைக்கிள் தேவைப்பட்டது. குசினியில் காலை வேலை ஐந்து மணிக்குத் தொடங்கும். அவர் இருந்த கிராமத்தில் முதல் பஸ்ஸே ஐந்தரைக்குத்தான். இது ஒரு காரணம். மற்றது மலை.

எங்கள் தொட்டிக்கு நேரே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு நேரே ஒரு மலை. உலகம் முழுக்க இருந்து சனம் காசு கொடுத்து வந்து பார்க்கிற மலையை நாங்கள் சட்டி கழுவிக்கொண்டு சும்மா பார்த்தோம். ஒரு நாளைக்கு அதில் ஏறி, அங்கே நின்று எங்கள் ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நடந்து ஏற முழங்கால் விடாது. கேபிள் காரில் போகலாமே என்றேன்.

"கயித்திலை தொங்கிறதுக்கு நான் என்ன தோய்ச்சுப் போட்ட சேட்டோ? சின்ன மோட்டார்சைக்கிள், ஒற்றைச் சிலிண்டர். வேலைக்கும் போகும், கல்லு ரோட்டிலையும் ஏறும்."

"ஏனண்ணை ஒற்றை?"

"நாலு சிலிண்டர் எண்டா நாலு பழுது. ஒண்டெண்டா ஒண்டுதான். தனி ஆளுக்கு அது காணும், போதும்."

தெரிந்தெடுக்க இரண்டு வருடம் பிடித்தது. கழுவிய கோப்பைகளுக்கு நடுவே கொம்பனி விளம்பரத் தாள்களைப் பரப்பி வைத்துப் படிப்பார். இடையிடையே என்னைப் பார்த்து, "நீர் இப்ப எத்தினை கிலோ?" என்பார்.

"எண்பத்தாறு."

"போன மாசம் எண்பத்தஞ்செல்லோ?"

"பொங்கல் வந்ததெல்லோ அண்ணை."

சாவு அறிவித்தல் கேட்டவர்போல முகம் விழுந்துவிடும். என் வயிற்றைப் பழிக்கிறார் என்று நினைத்து வீட்டில் மனிசியிடம் முறையிட்டேன். "உள்ளதைத்தானே கேக்கிறார்," என்றாள் அவள்.

கடைக்குத் துணைக்கு நான்தான் போனேன். விற்பனைக்காரப் பொடியன் ஒரு வண்டியைக் காட்டி வாய் மூடவில்லை, அண்ணை அதைப் பிடித்து மெல்ல நிலத்தில் படுக்கவைத்தார். பொடியன் "நைன்! நைன்!" என்று ஜேர்மன் மொழியில் தடுத்தபடி ஓடி வந்தான். அண்ணை ஒரு கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இடுப்பை முட்டுக் கொடுத்து, ஒரே மூச்சில் நிமிர்த்தினார். பொக்கற்றிலிருந்து லேஞ்சியை எடுத்துச் சீற்றைத் துடைத்துவிட்டு, "நல்லது. அடுத்தது?" என்றார்.

மூன்றாவது வண்டி சரியும்போது பொடியன் கண்ணை மூடிக்கொண்டான். ஐந்தாவதுக்கு முதலாளியே ஒரு கம்பளியைக் கொண்டுவந்து விரித்தார்.

ஆகப் பாரம் குறைந்ததைப் பச்சைப் பிள்ளையைப்போலத் தூக்கினார். விசயம் முடிந்தது, தேத்தண்ணி குடிக்கலாம் என்று நினைத்தேன். மனிதர் அதை விட்டுவிட்டு, அதைவிடப் பதினெட்டுக் கிலோ கூடிய ஒன்றைப் போய்ப் பிடித்தார். முக்கி, முனகி, கழுத்து நரம்பு புடைக்கத்தான் அதைத் தூக்க முடிந்தது.

"அண்ணை, நாரி போயிடும். ஏன் இது?"

"இதுக்குச் சீற்று நீளம்."

"தனி ஆளுக்கு ஏன் நீளச் சீற்று?"

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கதையாமல் வாரும்."

வாங்கிய அந்த நீளச் சீற்று வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, பின் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம். அவர் இறங்கி நின்றபடி தள்ளினார். பழம் நசியவில்லை. சில்லில் வழுகி உருண்டுபோய் ஐயரின் காலடியில் நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. முருகா, இது நல்ல சகுனம் இல்லையே என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அண்ணை கலங்கவில்லை. "பாரம் காணாது ஐயா. பின்னாலை ஒரு ஆள் ஏறினா நசியும்," என்றுவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேட்டி கட்டியிருந்தேன். கால் போட்டு ஏற வெட்கம். ஐயர் பழத்தைக் கையால் பிழிந்து சடங்கை முடித்தார்.

வேலைக்கு அந்த வண்டி ஒரு நாளும் பிந்தவில்லை. மலைதான் சரிவரவில்லை. எந்தக் கல்லு ரோட்டில் திரும்பினாலும், வாகனம் ஓடக்கூடாது என்ற சிவப்பு வளையப் பலகை. அண்ணை சட்டத்துக்குப் பயந்தவர். பலகையைக் கண்டதும் வண்டியைத் திருப்பிவிடுவார். கோடை முடிய இருக்கையில், பண்ணைக்காரர் ஒருவர் ஓடக்கூடிய பாதை ஒன்றைக் காட்டினாராம்.

"மேலை போனீங்களோ அண்ணை?"

"பாதி மட்டும் போனன். மிச்சத்துக்கு, ஞாயிறு நீரும் வாறீரோ?"

ஞாயிறு நான் கோயில் மடைப்பள்ளியில் மரக்கறி வெட்டுகிற நாள். "கோயில் வேலை அண்ணை," என்றேன். அடுத்த கிழமையும் கேட்டார். அதே பதில். மூன்றாம் முறை மனிசி, "ஒரு ஞாயிறு போயிட்டு வாங்கோவன். முருகன் கோவிக்கமாட்டார்," என்றாள். கோயில் கடமையை விடலாமோ என்று அவளை ஏசினேன். அண்ணையிடம், "வாற வருசம் பாப்பம்," என்றேன்.

"ஓம், ஓம். மலை எங்க ஓடப்போகுது," என்றார். பிறகு மேலே பனி விழுந்து பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க வந்து நிற்கிறவர், மார்கழியில் ஒரு காலை வரவில்லை. நித்திரையிலேயே போயிருந்தார். நெஞ்சு என்றார்கள். பெட்டியை ஆறு பேர் தூக்கினோம். 'எத்தினை கிலோ?' என்று என் வாய்வரை வந்தது. அந்தச் சூப் அண்டாவுக்குப் பிறகு, தனியத் தூக்க ஏலாத ஒரு சாமானோடு அந்த மனிதர் சம்பந்தப்பட்டது அன்றைக்குத்தான்.

கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி, அறையை ஒதுக்கி வண்டியை விற்றுவிடச் சொன்னார். நானும் மனிசியும் போனோம். அறையில் இருந்த எல்லாமே ஒரு கையில் அடங்கிற சாமான்கள். மனிசி மேசை லாச்சியை இழுத்தாள். உள்ளே அந்த விளம்பரத் தாள்கள், சூப் கறையோடு.

"இஞ்சருங்கோ, இதிலை உங்கடை நிறை கிடக்கு," என்றாள்.

ஒவ்வொரு தாளிலும், வண்டி தாங்கும் பாரத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரே கணக்கு எழுதியிருந்தது. 'நான் 61. இவர் 86. சாப்பாடு 3.' சில தாள்களில் எண்பத்தைந்தை வெட்டி எண்பத்தாறு ஆக்கியிருந்தார். அவ்வளவு பாரம் தாங்காத வண்டிகளின் தாள்களில் எல்லாம் குறுக்கே கோடு. அவர் வாங்கிய வண்டியின் தாளில் மட்டும் கோடு இல்லை. அதில் 'காணும்' என்று ஒரு சொல்.

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். அத்தனை ஞாயிறும் நான் வெட்டிய பூசணிக்காய், அன்றைக்கு யார் வெட்டியிருந்தாலும் வெந்திருக்கும்.

சனிக்கிழமை வண்டியை வாங்க ஆள் வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் மனிசியோடு, அண்ணையின் கட்டடத்தில் வண்டி நிற்கும் நிலவறைக் கராச்சுக்குப் போனேன். பின் சில்லுக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன். கால்சட்டைதான் போட்டிருந்தேன். காலைத் தூக்கிப் போட்டு, முன்னுக்கு ஒரு ஆளுக்கு இடம் விட்டு, பின் சீற்றில் ஏறி இருந்தேன்.

"தள்ளும்," என்றேன்.

மனிசி ஹாண்டிலைப் பிடித்துத் தள்ளினாள். வண்டி அசைந்து ஏறியது. காலடியில் சளக்கென்று ஒரு சத்தம் கேட்டு, புளிப்பு மணம் எழும்பியது.

பாரம் காணும், அண்ணை.