படமா, பாடாமா?

எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பேர் எடுப்பதைவிட, பாம்பு பிடிக்கத் தெரிந்தவன் என்று பேர் எடுப்பது பாதுகாப்பு. பாம்பு வந்தால்தான் கூப்பிடுவார்கள். என்னைப் பிரிண்டர் இருமினாலே கூப்பிட்டார்கள்.

அப்போது ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். ஆபீஸ் கிராணி கவிதா. எங்களுக்கு நிச்சயம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நிச்சயத்தில் படம் பிடிக்க யாரும் போனைத் தூக்கக்கூடாது என்று வருங்கால மாமனார் உத்தரவு. (பெரிய கேமராவோடு மச்சான் நிற்கும்போது போன் எதற்கு என்று கௌரவம்.)

பிரிண்டர் நிற்கிறது என்று கவிதா கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், அச்சாகாமலும் ஒழியாமலும் கிடந்த பழைய ஸ்பூல் ஃபைல்கள் டிஸ்க்கையே அடைத்திருந்தன. ஒவ்வொன்றாக அழிக்கலாம். கட்டிக்கொள்ளப் போகிறவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் ஒவ்வொன்றாக அழிப்பான்? கறுப்புத் திரையைத் திறந்து, ஒரே வரிக் கட்டளையில் நட்சத்திரக் குறி போட்டு, கேள்வி கேட்காதே என்றும் சேர்த்துத் தட்டினேன். அத்தனையும் காலி. கவிதா பெருமையோடு பால் சேர்க்காத தே ஓ கலக்கப் போனாள். அதோடு எழுந்திருக்க வேண்டியதுதானே நான்?

பக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டர். ஆங்கில எழுத்தில் பி, ஏ, டி, ஏ, எம். மலாயில் பாடாம் என்றால் அழி. அழிக்க வேண்டியதை யாரோ புண்ணியவான் ஒதுக்கி, பேரும் எழுதி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. அதே கட்டளையில் பேரை மட்டும் மாற்றித் தட்டினேன்.

கவிதா இரண்டு கோப்பையோடு வந்தாள். "சரியாயிருச்சுங்களா? அப்ப நம்ம நிச்சயப் படத்த அடிச்சிரலாம்லா."

"எங்க வச்சிருக்க?"

"அங்கதான். படம்னு பேர் போட்டு வச்சிருக்கேன்."

தமிழச்சி படத்தைப் படம் என்றுதான் எழுதுவாள். தமிழ்ப்பள்ளியில் படித்த இந்த மண்டைக்கு அது தோன்றவில்லை. கட்டளை போட்டு அழித்தது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. மச்சானுக்குப் போன் போட்டால், கியா பார்மில் பூக்களைப் படம் பிடிப்பதற்காக அவர் கேமரா கார்டைத் துடைத்தாகிவிட்டது. தானா ராத்தா கம்ப்யூட்டர் கடைக்காரர் நோண்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். பிரிண்டர் மட்டும் அருமையாக ஓடியது.

மாமியார், சகுனம் சரியில்லை, கல்யாணத்தையே யோசிக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். மாமனார் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் கவிதாதான் வாயைத் திறந்தாள்.

"போனா போவுது, இன்னொரு தடவ தட்டு மாத்திக்கலாம். ஆனா இவரு கம்ப்யூட்டர் பக்கம் வரக்கூடாது."

அதே சேலை, அதே மோதிரம், அதே சொந்தக்காரர்கள். லீவு போட்டு இரண்டாம் முறை வந்த எரிச்சலில், ஆல்பம் முழுக்க அத்தனை பேரும் என்னையே முறைக்கிறார்கள். நடுவில் கவிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். விருந்தாளி யார் வந்தாலும் அந்த ஆல்பம்தான் முதலில் வரும், கதையோடு.

கதை கேட்டே வளர்ந்தவள் எங்கள் மகள். போன மாதம் பள்ளியில் பாடாம் என்ற சொல்லுக்கு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் கரும்பலகையை அழித்தார்கள். இவள் மலாயில், "என் அப்பா அம்மாவை அழித்துவிட்டார்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். மலாய் டீச்சர் என்னை உடனே வரச் சொன்னார். நான் எவ்வளவு விளக்கியும் எடுபடவில்லை. கவிதாவை நேரில் பார்த்த பிறகுதான் நம்பினார்.