விரிசல் கண்காணிப்புக் குழு

மனித குலம் கண்ட கண்காணிப்பு முறைகளில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் ‘விரிசல் கண்காணிப்புக் குழு’வுக்கு நிகர் எதுவுமில்லை. அப்படியொரு குழு இருந்தும் எங்கள் ஜெல் ஏன் விரிசல் விடுகிறது என்பதுதான் புரியவில்லை. ஒன்பது வில்லைகள் வார்த்தோம், ஒன்பதும் போயின.

செய்முறை எளிது. சிலிக்கா தரும் திரவம், தண்ணீர், ஆல்கஹால், ஒரு சொட்டு அமிலம், கூடவே கரைத்த பாலிமர். கலக்கி வைத்தால் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா வலை ஒன்று மெல்லப் பின்னிக்கொள்ளும். பாலிமர் அதற்குக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் குணம் தரும். கிண்ணத்தைச் சாய்த்தாலும் ஓடாத நிலை வந்தால் அதுதான் ஜெல். பிறகு அது காய வேண்டும். மேற்பகுதி அவசரமாகக் காய்ந்தால் சுருங்கி இழுக்கும். ஈரமான உட்பகுதி அதோடு சேர்ந்து சுருங்காது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஆராய்ச்சி மாணவி அக்காவுக்கு ஒரு முழு வில்லை வேண்டும். மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் ஆய்வேடு இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

குழு தினமும் பதினொரு மணிக்குக் கூடியது. மூடியைத் திறந்து, மின்விசிறிக்கு நேர்கீழே கிண்ணத்தை வைத்து, அரை மணி நேரம் உற்றுப் பார்த்து, ‘இன்றுவரை விரிசல் இல்லை’ என்று கையெழுத்திட்டது.

“ஐயா, திறக்காம பாக்க முடியாதா?” என்றாள் அக்கா.

“மூடி வச்சுட்டு இருந்தா அதுக்குப் பேரு கண்காணிப்பு இல்லம்மா, நம்பிக்கை,” என்றார் குழுத் தலைவர்.

“காத்து பட்டுதான் விரியுதுங்க.”

“விரிஞ்சத ஒன்பது தடவையும் முதல்ல கண்டுபிடிச்சது யாரு? நாங்கதானே?”

மறுக்க முடியாத சாதனை.

அன்று பத்தாவது கலவையை ஊற்றியபடி அக்கா சொன்னாள்: “தம்பி, இதுவும் போச்சுன்னா நானும் இந்தக் கிண்ணத்துலயே படுத்துக்க வேண்டியதுதான்.”

“அவங்களுக்குப் பாக்க ஏதாவது ஒண்ணு வேணும். அவ்வளவுதானேக்கா?” என்றேன்.

மறுநாள் முதல் குழு வேறொரு கிண்ணத்தைத் திறந்து பார்த்தது. மூன்றாம் நாள் தலைவர் நெகிழ்ந்தே போனார். “நாம பாக்கப் பாக்க எப்படித் தெளிஞ்சு வருது, பாத்தீங்களா?”

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு அக்காவின் உள்ளங்கையில் வில்லை முழுசாக இருந்தது. குழுவுக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. முறையைக் கேட்பவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்: கிண்ணத்தின் வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டி, ஊசியால் ஏழு துளை போட்டு, இருபத்தொரு நாள் அலமாரிக்குள் திறக்காமல் வையுங்கள். குழுவிடம் வேறொரு கிண்ணத்தில் ஒரு வட்டக் கண்ணாடித் துண்டைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.