லிப்ட்காரர் சொல்லாமல் விட்ட மூன்றாம் நம்பர்

இதை முதன்முதலில் எனக்குச் சொன்னது லிப்ட்காரரின் மனைவி. எங்கள் மாடியில் எதிர் வீடு. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பிரார்த்தனை முடிந்து வெளியே வந்த நாங்கள் இருவரும் ஒரே குடைக்குள் மழை விடக் காத்திருந்தோம். மழை விடவில்லை, கதை முடிந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து லிப்ட்காரரே தன் பக்கத்து நியாயத்தை வந்து சொன்னார். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். கூட்டிச் சொன்னால் கடவுள் மன்னிக்கட்டும். ஆனால் கூட்டுவதற்கு எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை அந்த மனிதர்.

முப்பத்தாறு வருஷம் லிப்ட்களைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர். கையில் ஒரு தாள் இருக்கும். ஒன்று, கதவு. இரண்டு, கம்பி. மூன்று, பிரேக். ஒன்றைப் பார்த்து டிக் போடாமல் இரண்டுக்குப் போகமாட்டார். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. குளிப்பதற்கும் ஒரு வரிசை, செருப்புப் போடுவதற்கும் ஒரு வரிசை.

அப்படிப்பட்டவருடைய வாழ்க்கை வரிசையில் ஒரு நாள் பெரிய ஓட்டை விழுந்தது. மகளுக்குப் பிரசவம் என்று மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பத்து மணி நேரப் பயணம். "நீங்களும் வாங்க மாமா" என்று மாப்பிள்ளை வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டார். நம் ஆள் நெஞ்சை நிமிர்த்தி, அண்டை வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்.

"பொண்ணு குடுத்த வீட்டுல போய் உக்காந்து சாப்பிடற ஆளு நான் இல்ல."

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் என்று போனவர் மூன்று மாதத்தில் வரவில்லை. கேட்டால், குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும் என்றார். கழுத்து நின்றது. குப்புற விழட்டும் என்றார். அதுவும் விழுந்தது. பிறகு மகளுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். ஐந்து மாதம் ஆகிவிட்டது.

லிப்ட்காரர் காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைப்பார். டீ போட்ட பிறகு ஒன்றைக் கழுவாமலே திருப்பி மாட்டுவார். அலமாரியில் அவள் சீப்பில் இரண்டு முடி சிக்கியிருந்தது. சீப்பைத் துடைத்தார், முடியை எடுக்கவில்லை. வாசலில் அவள் விட்டுப்போன பழைய செருப்பை வாரம் ஒரு தடவை தூசி தட்டி, காலை எந்தப் பக்கம் நுழைப்பாளோ அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தார். கட்டிலில் இன்னமும் சுவர் ஓரமாகத்தான் படுத்தார். முக்கால் கட்டில் காலி.

'வந்துடு, நீ இல்லாம இருக்க முடியல' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் தினமும் காலை ஏழு மணிக்குப் போன் போடுவார். மணி அடிக்கும்போது தொண்டை வரைக்கும் வரும். அவள் "ம், சொல்லுங்க" என்றதும் வேறு ஏதாவது வெளியே வந்துவிடும்.

"மோட்டார் சத்தம் போடுது."

"ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க."

"காட்டிட்டேன்."

"அப்ப எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

அவர் இருமினார்.

ஒரு நாள் பிரஷர் மாத்திரை டப்பாவைத் திறந்தபோது உள்ளே எட்டாக மடித்த தாள் ஒன்று கீழே விழுந்தது. அந்த மாத்திரையை அவர் ஏழு மாதமாகச் சாப்பிடுகிறார். தாளை ஒரு நாளும் விரித்ததில்லை. அன்றைக்கு வேறு வேலை இல்லை. விரித்தார். 'பக்க விளைவுகள்' என்று போட்டு, ஒன்றிலிருந்து ஒன்பது வரை நம்பர் போட்ட வரிசை. வரிசையைப் பார்த்ததும் அவருக்குப் பழைய எஜமானைப் பார்த்த மாதிரி இருந்தது.

பெரிய மூளை வேலை செய்யத் தொடங்கியது. உடம்புக்கு முடியவில்லை என்றால் வந்துதானே ஆகவேண்டும். வா என்று நாம் கூப்பிட்டதாகவும் ஆகாது.

மறுநாள் காலை ஏழு மணி.

"என்னமோ தலை வலிக்குது."

"கண்ணாடி போடாம பேப்பர் படிச்சீங்களா?"

"போட்டுக்கிட்டுத்தான். இது மாத்திரையால வர்ற வலின்னு நினைக்கிறேன்."

"அப்படியா" என்றார் மனைவி. "நாளைக்கு எப்படி இருக்குன்னு பாருங்க."

நாளைக்குத் தலைசுற்றல். அது இரண்டாம் நம்பர். மூன்றாம் நம்பரில் 'வறட்டு இருமல்' என்று இருந்தது. லிப்ட்காரர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு நம்பரைத் தாண்டினார். இருமலுக்கெல்லாம் யார் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள்? இருமல்தான் மூன்று மாதமாக இருக்கிறதே, அது வீட்டுத் தூசி. பெருக்க ஆள் இல்லாததால் வந்தது. பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் சிபாரிசில் கடையில் வாங்கின சளி மாத்திரை தினம் மூன்று போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே நான்கு. சோர்வு.

"எழுந்திரிக்கவே முடியலடி."

"எழுந்திரிக்காம எப்படிப் போன் எடுத்தீங்க?"

"ஊர்ந்து போய் எடுத்தேன்."

"பாவம். சரி, எதுக்கும் மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க."

ஐந்து, குமட்டல். ஆறு, வயிற்றுப்போக்கு. அன்றைக்குப் பேச்சின் நடுவில் இரண்டு தடவை போனைக் கீழே வைத்துவிட்டு ஓடுகிற மாதிரிச் செருப்புச் சத்தம்கூடக் கொடுத்தார். ஏழு, நாக்கில் ருசி மாறுதல்.

"எதை வாயில வச்சாலும் இரும்பை நக்குற மாதிரி இருக்கு."

"அது நீங்க சமைக்கிறதாலயா இருக்கும்."

"கேலியா இருக்கா உனக்கு?"

"இல்லங்க" என்றார் மனைவி. குரல் இறங்கியிருந்தது. "எத்தனை தடவை இருமறீங்க, ஒரு நாளைக்கு?"

"இருமலை விடு. ருசியைப் பத்திப் பேசு."

எட்டு, தோலில் தடிப்பு. இத்தனை சொல்லியும் 'வர்றேன்' என்ற ஒரு சொல் வரவில்லை. அன்று சாயங்காலம் மனிதர் முக்கால் கட்டிலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு நோய் வந்தவனைக் கூடப் பார்க்க வரவில்லை என்றால், அவளுக்கு அங்கே தன் நினைப்பே இல்லை போலிருக்கிறது. அவர் சொன்ன நோய் எல்லாம் பொய்; அந்த வலி மட்டும் பொய் இல்லை. தாளில் அதற்கு நம்பரும் இல்லை.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. ஒன்பது: உதடு, முகம், நாக்கு வீக்கம். பக்கத்தில் கறுப்பாக ஒரு கட்டம் போட்டு என்னமோ பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தை அவர் படிக்கவில்லை. லிப்ட்டில் சிவப்புப் புள்ளி வைத்த இடத்தைப் பார்த்தாலே மொத்தக் கட்டடத்தையும் நிறுத்திவிடுகிற ஆள், தன் உடம்பு விஷயத்தில் பொடி எழுத்தைத் தாண்டிவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணி.

"உதடு வீங்கிடுச்சு" என்றார், வாயைக் கோணிக்கொண்டு.

எதிர்ப்பக்கம் மனைவி இன்னொரு போனில் யாரிடமோ அவசரமாகப் பேசுவது கேட்டது. குழந்தை எங்கோ அழுதது. பிறகு மனைவியின் குரல், லேசாக நடுங்கி.

"கதவைத் திறங்க."

"எந்தக் கதவை?"

"உங்க வீட்டுக் கதவைத்தான்."

கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால் கணக்கு வாத்தியார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை. லிப்ட்காரர் கோணின வாயை நேராக்க மறந்துபோய் நின்றார்.

"நீங்க எப்ப வந்தீங்க?"

"நேத்து சாயங்காலமே வந்துட்டேன் மாமா. சார் வீட்டுலதான் படுத்தேன்" என்றார் மாப்பிள்ளை. அருகே வந்து மாமனாரின் உதட்டைக் கவனமாகப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். மூச்சு விட முடிகிறதா என்று கேட்டார். பிறகு போனில், "வீக்கம் எதுவும் இல்ல அத்தை. பயப்படாதீங்க" என்றார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு எல்லாருக்கும் கேட்டது.

வாத்தியார் அதற்குள் அலமாரியில் இருந்த மருந்து எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் வாரிப் போட்டிருந்தார். வண்டி தெருவில் நின்றது.

டாக்டரம்மா பையை மேசையில் கவிழ்த்தார். பிரஷர் மாத்திரை. சளி மாத்திரை நான்கு அட்டை. இரண்டு வருஷத்துக்கு முன்பே தேதி முடிந்த இருமல் மருந்து பாதி பாட்டில். அப்புறம் முட்டிவலி மாத்திரை ஒரு டப்பா.

"இது யாரோடது?"

"என் மனைவியோடது."

"அட்டையில ரெண்டு புதுசாப் பிரிச்சிருக்கே. நீங்க போட்டீங்களா? உங்களுக்கு முட்டி வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

லிப்ட்காரர் தரையைப் பார்த்தார். "சாப்பிட்டதும் தினம் அவ அதைப் போட்டுக்குவா. டப்பா மேசையிலயே இருந்துச்சு. எடுத்துப் போட்டேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிரஷர் பார்த்தார். முகம் மாறியது. இன்னொரு தடவை பார்த்தார்.

"நிஜமாவே ஏறிக் கிடக்கு. இந்தச் சளி மாத்திரை பிரஷரை ஏத்தும். முட்டிவலி மாத்திரையும் ஏத்தும், கிட்னிக்கும் ஆகாது. ஒரு பக்கம் இறக்கறதுக்கு மாத்திரை, மறு பக்கம் ஏத்தறதுக்கு ரெண்டு. இப்படி ஒரு லிப்ட்டை நீங்க ஓட விடுவீங்களா?"

"சீல் வச்சுடுவேன்" என்றார் லிப்ட்காரர் மெதுவாக.

"இந்த இருமல் எத்தனை நாளா?"

"அது தூசி டாக்டர்."

"தூசி இல்ல. இந்தப் பிரஷர் மாத்திரை சிலருக்கு இப்படி வறட்டு இருமலைக் கொடுக்கும். மாத்திரை மேல தப்பு இல்ல, உங்களுக்கு ஒத்துக்கல. வேற எழுதித் தர்றேன், கொஞ்சம் கொஞ்சமா நின்னுடும். முதல்லயே சொல்லியிருந்தா மூணு மாசம் இருமியிருக்க வேண்டாம். அந்த உதடு வீக்கம் இருக்கே, அது நிஜமா வந்தா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது, மூச்சையே அடைச்சிடும். அதைப் பொய்யாச் சொன்னா, நிஜமா வர்ற அன்னிக்கு யாரு ஓடி வருவாங்க?"

மாப்பிள்ளையின் கையில் போன் இன்னும் அணையவில்லை. அதிலிருந்து மனைவி பேசினார்.

"அதே மாத்திரைத் தாளை இங்க கடையில கேட்டு வாங்கிட்டேன் டாக்டர். தலைவலின்னு சொன்ன மறுநாளே. ஒவ்வொண்ணா டிக் போட்டுக்கிட்டே வந்தேன். இவரு வரிசை தப்ப மாட்டாரு. ஆனா மூணை மட்டும் விட்டுட்டாரு. எனக்குப் போன்ல கேட்டதே அந்த மூணுதான். அதான் ஏழு சொன்ன அன்னிக்கு மாப்பிள்ளையைக் கிளம்பச் சொன்னேன்."

"எல்லாம் பொய்யின்னு தெரியுமா உனக்கு?" என்றார் லிப்ட்காரர்.

"தெரியும். ஆனா ஒன்பதை மட்டும் என்னால பொய்யின்னு எடுத்துக்க முடியலங்க."

இதைச் சொல்லும்போது குடைக்குள் லிப்ட்காரரின் மனைவி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா சீட்டை எழுதி முடித்தார். "புது மாத்திரை. ரெண்டு வாரம் தினமும் பிரஷர் பாத்துக் குறிச்சு வைக்கணும். இவரை நம்பி விட முடியாது, கூடவே ஆள் இருக்கணும்."

லிப்ட்காரரின் முகத்தில் ஐந்து மாதத்துக்கு அப்புறம் வெளிச்சம் வந்தது. எட்டுப் பொய் சொல்லியும் கிடைக்காதது, ஒரு நிஜ இருமலுக்குக் கிடைத்துவிட்டது. வெற்றியோடு போனைப் பார்த்துச் சொன்னார்.

"கேட்டியா? கூட ஆள் இருக்கணுமாம்."

"கேட்டுச்சுங்க. உங்க துணியை எல்லாம் வாத்தியார் பெட்டியில எடுத்து வச்சுட்டாரு. வண்டியில இருக்கு. அப்படியே கிளம்பி வாங்க."

பெண் கொடுத்த வீட்டில் போய் உட்காராத ஆள், வீட்டுச் சாவியை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டு, பத்து மணி நேரம் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். எங்கள் எதிர் வீட்டுக் கதவைத் திறந்த மனைவி, அவர் வாயைத் திறப்பதற்குள் குழந்தையை அவர் தோளில் போட்டார். "பிடிங்க. நான் நிம்மதியாக் குளிச்சு நாலு நாளாச்சு."

இரண்டு வாரம் ஓடியது. நோட்டில் தேதி போட்டு, மணி போட்டு, பிரஷரை எழுதினார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நம்பர் இறங்கியது. இருமலும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மத்தியானம், மனைவி குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர் சொன்ன ரெண்டு வாரம் முடிஞ்சுது."

"ஆமா."

"ஊருக்குப் போகலாமா?"

"போயிட்டு வாங்களேன்."

"நீயும் வா."

"நான் எதுக்குங்க? மோட்டாருக்கு ஆள் பாத்தாச்சு. உடம்பும் தேவலாம்."

லிப்ட்காரர் ஒரு சட்டையை எடுத்து மடித்தார். உள்ளங்கை அளவுச் சட்டை. மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீ இல்லாம அந்த வீட்டுல இருக்க முடியல" என்றார், சட்டையிடம்.

மனைவியின் கை நின்றது. கண் நிறைந்துவிட்டது அவருக்கு. முந்தானையால் துடைத்துக்கொண்டார். "இந்த ஒண்ணைச் சொல்றதுக்கா எட்டு நோவு வந்துச்சு உங்களுக்கு" என்று சொல்லி, அந்தச் சின்னச் சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி ஒழுங்காக மடித்து வைத்தார்.

"அப்ப எப்பக் கிளம்பலாம்?"

"எங்கங்க கிளம்பறது? வாத்தியார் மகன் ஒண்ணாம் தேதியே நம்ம வீட்டுக்கு வாடகைக்குக் குடி போயிட்டான்."

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, கடையில் நீங்களாக வாங்கினது, அடுத்தவர் டப்பாவிலிருந்து எடுத்தது, தூசி என்று நினைத்துக்கொண்டிருப்பது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள்.